நாடக மாந்தரின் நெஞ்சறிந்த ஆசான்: விபுலாநந்த அடிகள்

நிறைவிழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, விபுலாநந்த அடிகளைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். அடிகளைப் பற்றிய கட்டுரை இல்லாத மலர் ஈழத்தில் உண்டோ என்று அன்பர் ஒருவர் நகைத்தார். அவர் நகைத்ததிலும் நியாயம் உண்டு. யாழ்நூல் தந்த முனிவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், பள்ளிகள் நிறுவிய துறவி என்று அவரை ஆண்டுதோறும் போற்றி வருகிறோம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அவர் படத்துக்கு மாலை சூட்டிய கைகளுள் என் கையும் ஒன்று. ஆயினும் ஆங்கில நாடகத்தின் மாந்தரைத் தமிழ் மாணாக்கர் நெருங்கி அறிவதற்கு அவர் வகுத்துத் தந்த வழி, அம்மாலைகளுக்கு அடியில் மறைந்து கிடக்கிறது. தமிழாசிரியனாகிய எனக்கு ஒரு நாள் ஆங்கில வகுப்பிலே அவ்வழி கைகொடுத்தது. அதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

அடிகள் 1892ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 27ஆம் நாள், மட்டக்களப்புக்குத் தெற்கே, கடலோரத்துக் காரைதீவில் தோன்றினார். தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மையார். பிள்ளைக்கு வழங்கிய பெயர் மயில்வாகனன். காரைதீவு கண்ணகையம்மன் கோயில் கொண்ட ஊர். கிழக்கிலங்கையில் வைகாசித் திங்கள் வந்தால் கண்ணகை கோயில்களிலே கதவு திறந்து, சடங்கு நடத்தி, கண்ணகி வழக்குரையைப் படிப்பார்கள். சிலம்பை இழந்த ஒரு பெண், கணவனையும் இழந்து, அரசன் அவையேறி நீதி கேட்ட கதையை, ஏட்டுச் சுவடியில் காண்பதற்கு முன்னே காதாற் கேட்டு வளரும் பேறு அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு உண்டு. நாட்டின் பிற பகுதிகளில் சிலப்பதிகாரம் பண்டிதர் நூலாக இருந்த நாளில், அங்கே அது ஊர்க்கோயில் வழக்காக இருந்தது. மயில்வாகனனார் பின்னர் எழுதிய இரு பெருநூல்களுக்கும் சிலப்பதிகாரமும் அதன் உரையுமே திறவுகோலாயின என்பதை எண்ணும்போது, இந்த வைகாசிச் சடங்கை நான் சிறிதாக மதிப்பதில்லை.

ஊரிலே தமிழும் வடமொழியும் கற்றுக் கல்முனையிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலங் கற்றார். பதினாறாம் வயதிலே சிரேஷ்ட கேம்பிரிட்ஜ்த் தேர்வில் தேறினார். சிலகாலம் ஆசிரியராகப் பணிபுரிந்தபின், 1911இல் கொழும்புக்கு வந்து, ஆங்கில ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஈராண்டு பயின்று, பயிற்றப்பட்ட ஆசிரியரானார். பேராசிரியர், முனிவர் என்ற பெயர்களுக்கெல்லாம் முன்னே அவர் பெற்ற பட்டம் இதுவே. என் பெட்டியிலும் அத்தகைய சான்றிதழ் ஒன்று இருக்கிறது. பாடக்குறிப்பு எழுதுவதும், கரும்பலகையை நான்காகப் பகுப்பதும், வினாவை எங்கே நிறுத்துவது என்று எண்ணுவதும் பயிற்சிக் கல்லூரியிற் படிந்த பழக்கங்கள். அவை எளிதில் நீங்கா. அடிகளின் உரைநடையைப் படிக்குந்தோறும், அங்கே பாடக்குறிப்பு எழுதிப் பழகிய கை ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லும் முறையை அவர் எந்த நூலிலும் கைவிட்டதில்லை.

அக்காலத்தில் கல்வி இரண்டு அறைகளாகப் பிரிந்திருந்தது. ஆங்கிலம் கற்றவர் உத்தியோகத்துக்குப் போனார். தமிழ் கற்றவர் திண்ணையில் இருந்தார். ஓரறையினர் மற்ற அறையை எட்டிப் பார்ப்பது அரிது. மயில்வாகனனாரோ இரண்டு அறைகளிலும் பாய் விரித்தவர். 1915இல் கொழும்பு அரசினர் தொழினுட்பக் கல்லூரியிற் சேர்ந்து, 1916இல் விஞ்ஞானத் தகைமைச் சான்றிதழ் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலும் தேறினார். இலங்கையிலிருந்து அத்தேர்வில் தேறிய முதலாமவர் அவரே என்பர். 1917இல் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும், மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் பதவியும் வந்தன. அப்போது வயது இருபத்தெட்டு. இவ்வளவும் பெற்றவர் அங்கேயே இருந்து, ஓய்வூதியம் வாங்கி, வீடு கட்டி வாழ்ந்திருக்கலாம், உலகம் குறைசொல்லாது. அவர் 1922இல் பதவியைத் துறந்து, சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். 1924ஆம் ஆண்டு சித்திரைப் பூரணையன்று துறவு பூண்டு, விபுலாநந்தர் என்னும் பெயர் பெற்றார்.

துறவு பூண்ட அதே ஆண்டில் அவர் செய்த செயலை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பே. மதுரைத் தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழாவிலே நாடகத் தமிழைப் பற்றி உரையாற்றினார். காவியுடுத்துச் சில திங்களே ஆன துறவி, காதலும் வெகுளியும் சூழ்ச்சியும் கொலையும் நிறைந்த ஆங்கில நாடகங்களை எடுத்து அவையினருக்கு விளக்கினார். நாடகம் என்ற சொல்லைக் கேட்டாலே பண்டிதர் பலர் முகஞ்சுளித்த நாளது; கூத்தாடுவது குலத்துக்கு ஏலாது என்று ஊர்ப் பெரியவர்கள் பிள்ளைகளைத் தடுத்த நாளது. அவ்வுரையை விரித்து எழுதித் தருமாறு சங்கத்தார் வேண்ட, அது 1926இல் மதங்க சூளாமணி என்னும் நூலாயிற்று. மதங்கர் என்போர் கூத்தர். கூத்தரின் முடிமணி என்று அவர் குறித்தது ஆங்கில நாடகப் புலவர் சேக்ஸ்பியரை. அப்புலவரின் பெயரையும் செகசிற்பியார் என்று தமிழாக்கினார். உலகைச் செதுக்கிய சிற்பி என்னும் பொருள் அதில் தானாக வந்து அமைந்தது. ஒலிக்கும் பொருந்தி, உண்மைக்கும் பொருந்திய பெயர் இதுபோல வேறொன்றை நான் கண்டதில்லை.

நூல் மூன்று இயல்களாக அமைந்தது. முதலாவது உறுப்பியல், சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையிலிருந்து நாடக இலக்கணத்தைத் திரட்டித் தருவது. பழைய நாடகத் தமிழ் நூல்கள் அழிந்தொழிந்தன. அவ்வுரையாசிரியர் ஆங்காங்கே எடுத்தாண்ட பகுதிகளே எஞ்சின. அச்சிதறல்களைப் பொறுக்கி ஒழுங்குபடுத்தினார் அடிகள். இரண்டாவது எடுத்துக்காட்டியல், செகசிற்பியாரின் பன்னிரண்டு நாடகங்களை அவ்விலக்கணத்துக்கு எடுத்துக்காட்டாக நிறுத்துவது. மூன்றாவது ஒழிபியல், வடமொழியில் தனஞ்சயனார் செய்த தசரூபகத்தின் கருத்துக்களைத் தழுவியது. எடுத்துக்காட்டியலில் வரும் மாந்தருக்கும் அவர் தமிழ்ச் செவிக்கு இசைந்த பெயர் சூட்டினார். மக்பெத்து மகபதியானான். ரோமியோவும் ஜூலியற்றும் இரம்மியனும் சுசீலையும் ஆயினர். இப்பெயர் மாற்றத்தைச் சிலர் விரும்புவதில்லை. எனக்கும் எல்லா இடத்தும் அது உவப்பில்லை. ஆயினும் நோக்கம் தெளிவானது. அந்நிய நாட்டு அரசன் எவனோ ஒருவன் செய்த கொலை என்று மாணாக்கன் விலகி நிற்கலாகாது. மகபதி அடுத்த தெருவில் வாழ்பவனாகவும் இருத்தல் கூடும் என்று அவன் அஞ்ச வேண்டும்.

இனி ஆசிரியர்க்குப் பயன்படும் பகுதிக்கு வருவோம். ஆங்கில நாடகம் ஐந்து அங்கங்களை உடையது என்பது யாவரும் அறிந்தது. நம் பழைய நூலாரும் நாடகக் கதைப்போக்கை ஐந்து சந்திகளாக வகுத்தனர்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல். அவற்றை உழவனின் பயிரைக் கொண்டு விளக்குவர். உழுத நிலத்தில் இட்ட வித்து முளைப்பது முகம். முளை இலைவிட்டுத் தழைப்பது பிரதிமுகம். கரு வயிற்றிலே பொதிவது கருப்பம். கதிர் முற்றுவது விளைவு. அறுத்து, அடித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து உண்பது துய்த்தல். மகபதியின் கதையை இந்த வயலில் வைத்துப் பாருங்கள். சூனியக்காரிகளின் சொல் வித்தாகிறது. டங்கன் மன்னனின் கொலையிலே முளை தழைக்கிறது. விருந்திலே பாங்கோவின் ஆவி தோன்றும்போது, குற்றம் கருக்கொண்டு கனத்துவிட்டதை அறிகிறோம். குற்றமற்ற குடும்பம் ஒன்று வெட்டுண்ணும்போது கதிர் முற்றுகிறது. ஈற்றிலே அவன் விதைத்ததை அவனே உண்கிறான். துய்த்தல் என்னும் சொல் சுவையானதை நுகர்வதற்கே உரியதென்று எண்ணியிருந்த எனக்கு, அச்சொல்லின் கைப்பையும் மகபதியே காட்டினான்.

குணசித்திரம் என்று இக்காலத்தார் சொல்லும் பாத்திரப் பண்பை அறிவதற்கு அடிகள் கைக்கொண்ட கருவி மெய்ப்பாடு. உள்ளத்து நிகழ்ச்சி உடலிலே புலப்படுவது மெய்ப்பாடு என்றும், அது எண்வகைப்படும் என்றும் தொல்காப்பியம் படித்தோர் அறிவர். செகசிற்பியாரோ தம் மாந்தரின் குணத்தைத் தாமே எடுத்துரைப்பதில்லை. கண்ணுக்குத் தெரியுமாறு காட்டி நிறுத்துகிறார். மகபதியின் மனைவி உறக்கத்தில் எழுந்து நடந்து, இல்லாத குருதியைக் கைகளிலிருந்து தேய்த்துக் கழுவுகிறாள். அவள் குற்றவுணர்வு உடையவள் என்று குறிப்பேட்டில் எழுதுவது எளிது. அந்தக் கைகளைப் பார்க்கக் கற்பிப்பதே ஆசிரியன் தொழில்.

நான் மாணவனாக இருந்தபோது இவ்வாறு கற்கவில்லை. நான் படித்த பாடசாலையில் பாத்திரங்களின் குணவியல்புகளை இலக்கமிட்டுத் தருவார்கள். வீரன், நன்றியுடையவன், பேராசைக்காரன், மனைவி சொற் கேட்பவன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று. மனனஞ் செய்தால் புள்ளி உறுதி. ஆசிரியனான பின்பு பல ஆண்டுகள் நானும் அவ்வாறே செய்தேன் என்பதையும் மறைக்கலாகாது. தேர்வு நெருங்கும்போது இலக்கமிட்ட பட்டியல்போல் உதவுவது வேறில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஆங்கில ஆசிரியர் வராத நாளொன்றிலே, பதினோராம் வகுப்புக்கு என்னைப் பதிலாசிரியராக அனுப்பினார்கள். அடுத்தடுத்து இரண்டு பாடவேளை. ஆங்கில இலக்கியம் எடுத்த மாணவர்கள். தமிழ் வாத்தியார் வந்துவிட்டார், இனி உறங்கலாம் என்று சிலர் மேசையிலே தலைசாய்த்ததை நான் கண்டும் காணாதவன்போல் இருந்தேன். கையில் வேறு நூல் இல்லாமையால் மகபதியின் கதையைச் சொன்னேன். மக்டப் என்னும் பெருவீரன் பிறநாட்டில் இருக்கும்போது, அவன் மனைவியும் மக்களும் கொலையுண்ட செய்தி அவனுக்கு எட்டும் இடத்துக்கு வந்தேன். செய்தியைக் கேட்டவன் உடனே பேசவில்லை. தொப்பியைப் புருவத்தின்மேல் இழுத்துக்கொள்கிறான். அருகிருந்த இளவரசன் மால்கம், துயரைப் பழியாக மாற்றுமாறு தூண்டுகிறான். மக்டப் உடனே வாளை உருவவில்லை. எல்லாருமா, குழந்தைகளுமா என்ற பொருள்பட மீண்டும் மீண்டும் கேட்கிறான். தான் இழந்ததை முழுதும் உணர்ந்த பின்பே எழுகிறான்.

இவன் திடமுள்ளவனா, தளர்ந்தவனா என்று வகுப்பைக் கேட்டேன். தளர்ந்தவன் என்றனர் பலர். வீரன் அழலாமா என்றான் முன்வரிசையில் இருந்த ஒருவன். பின்வரிசையில் அதுவரை வாய் திறவாத மாணவன் ஒருவன் எழுந்து, அழாமல் போயிருந்தால் அவனும் மகபதி ஆகியிருப்பான் சேர் என்றான். வகுப்பு அடங்கிற்று. மகபதி தன் மனைவி இறந்த செய்தியைக் கேட்டும் நின்று அழாதவன் என்பதை நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அம்மாணவன் எங்கிருந்தோ அதனை அறிந்திருந்தான். மணி அடித்தபின் ஆசிரியர் அறையிலேதான் எனக்குச் சொன்னார்கள், அவன் அவ்வாண்டு தந்தையை இழந்தவன் என்று. இடுக்கண் அழியாமை என்னும் திருக்குறள் அதிகாரத்தை அதுவரை பதினைந்து ஆண்டுகள் கற்பித்திருந்தேன். துயரை உணர்ந்தபின் எழுவதும் துயரை உணராமல் மரத்துப்போவதும் வேறு என்பதை நான் ஒருமுறையேனும் வகுப்பில் பிரித்துச் சொன்னதில்லை. அன்று மாலை மதங்க சூளாமணியை மறுபடி எடுத்து முதலிலிருந்து படித்தேன்.

அடிகளின் வரலாற்றுக்குத் திரும்புவோம். 1925இல் இலங்கைக்கு மீண்டவர், இராமகிருஷ்ண சங்கத்தின் பள்ளிகளைக் கிழக்கிலும் வடக்கிலும் பொறுப்பேற்றார். திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் அவர் கால்படாத பள்ளி அருகியே இருந்தது. 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். ஆதரவற்ற பிள்ளைகள் தங்கிக் கற்க இல்லமும் அதனருகே அமைந்தது. கேம்பிரிட்ஜும் இலண்டனும் அளித்த தகுதிகளை உப்போடை மணலிலே கொண்டுவந்து கொட்டினார் என்று சொல்லலாம். பள்ளி நடத்துவதில் உள்ள பொருட்சுமையையும் வழக்குகளையும் வம்புகளையும் இம்மலரைப் படிக்கும் பழைய மாணவர்க்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கட்டட நிதிக்கு உண்டியல் குலுக்கியவர்கள் இங்கே பலர்.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. அங்கே இருந்த ஈராண்டிலே, புலவர் குழாத்தினர் பலர் பொருட்படுத்தாதிருந்த பாரதியாரின் பாடல்களை மாணவரிடையே பரப்பினார். 1933இல் அப்பதவியையும் துறந்தார். பதவிகளைத் துறப்பது அவருக்கு மூச்சு விடுவதுபோல் இருந்தது. 1939இல் இமயமலைச் சாரலில் உள்ள மாயாவதி ஆசிரமத்துக்குச் சென்று, பிரபுத்த பாரத என்னும் ஆங்கிலத் திங்களிதழின் ஆசிரியராக இருந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராக மீண்டும் கொழும்புக்கு வந்தார். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னே பயிற்சி மாணவராக வந்து இறங்கிய அதே நகரம்.

இத்தனை இடமாற்றங்களுக்கும் இடையே ஒரு வேலை மட்டும் விடாது நடந்தது. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலும் அதன் உரையிலும் பேசப்படும் யாழ் எப்படி இருந்தது, அதன் நரம்புகள் எவ்வளவு நீளம், எந்த நரம்பில் எந்தச் சுரம் நின்றது என்பன நெடுங்காலமாகத் தமிழர் மறந்த செய்திகள். கண்ணாற் கண்டவர் இல்லை, கருவியும் எஞ்சவில்லை. பௌதிகமும் கணிதமும் கற்ற பண்டிதர் ஒருவராலேயே அதனை மீட்க முடியும். வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் ஆகியவற்றின் அமைப்பைக் கணக்கிட்டு ஆராய்ந்தார். ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் அவ்வாராய்ச்சி நீடித்தது. சிதலரித்த உரையிலிருந்து நாடக இலக்கணத்தைத் திரட்டிய அதே பொறுமை இங்கே முதிர்ந்து நின்றது. மதங்க சூளாமணி வித்து என்றால், யாழ்நூல் அதன் விளைவு.

கருவி கைகூடும் காலத்தில் உடல் கைவிட்டது. நோயால் நலிந்த நிலையிலும் அவர் நூலை முடித்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில், 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம் 6ஆம் நாட்களில், அக்காலத்துத் தஞ்சை மாவட்டத்திலிருந்த திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. திருஞானசம்பந்தர் ஓடக்காரன் இன்றியே ஓடம் செலுத்தி அடைந்த தலம் அது. கணக்கில் மட்டும் இருந்த யாழ்கள் மரமும் நரம்புமாக உருப்பெற்று அன்று அவையினர் செவிக்கு ஒலித்தன. காரைதீவுக் கோயிலில் வழக்குரை கேட்டு வளர்ந்தவர், ஐம்பத்தைந்தாம் வயதிலே அச்சிலப்பதிகாரத்தின் இசையையும் கேட்டார்.

அதன்பின் ஆறு வாரங்களே இருந்தார். 1947 ஜூலை 19ஆம் நாள் கொழும்பிலே அடிகள் இறைவனடி சேர்ந்தார். உடலை மட்டக்களப்புக்குக் கொண்டு சென்று, கல்லடி உப்போடையிலே, தாம் நிறுவிய சிவானந்த வித்தியாலயத்து மரநிழலிலே அடக்கம் செய்தனர். இறைவனுக்கு உகந்த மலர் எதுவென்று அவர் பாடிய பாட்டைச் சமாதியின் கல்லிலே பொறித்திருக்கிறார்கள். பள்ளி நாட்களில் பிள்ளைகளின் குரல் அங்கே கேட்டுக்கொண்டிருக்கிறது.